அப்பாவின் தூக்குக்குண்டும் 828 மீட்டர் கோபுரமும்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மணி 12.50 இருக்கும். ரங்கூன் தாம்வேயில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த எட்டு மாடிக் கட்டடத்தின் ஐந்தாவது தளத்தில் நின்றிருந்தேன். சாப்பாட்டு நேரம் என்பதால் ஜல்லிக் கூடைகளையெல்லாம் இறக்கி வைத்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் திடீரென்று அலை எழும்பி வெளியே சிந்தியது. காற்று இல்லை. மூங்கில் சாரம் மட்டும் கிறீச்சிட்டது. கம்பி கட்டும் பையன் ஒருவன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் மண்டலேயிலிருந்தும் சகாயினிலிருந்தும் செய்திகள் வர ஆரம்பித்தன. நிலநடுக்கத்தின் அளவு 7.7. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பாங்காக்கில், கட்டி முடிக்கப்படாத முப்பது மாடிக்கு மேற்பட்ட ஒரு கட்டடம் தூசியாக இறங்கும் காட்சி எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் அனவ்ரத்தா தெருக் காளி கோயிலில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது, தெரிந்தவர் மகன், இந்த வருடம்தான் வேலைக்கு வந்தவன், கேட்டான். "மாமா, நீங்க துபாய்ல அந்த உசரமான கட்டடத்துல வேலை பாத்தீங்கல்ல? இந்த மாதிரி ஆடுனா அது என்னா ஆகும்? நாம கட்டுறது என்னா ஆகும்?"

முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். இரண்டாவதுக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவனிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது ரங்கூனுக்கு வடகிழக்கே உள்ள பகோ நகருக்குப் பக்கத்து ஊர். அப்பா கொத்தனார், தாத்தாவும் கொத்தனார். பதினெட்டு வயது வரை நான் பார்த்த மிக உயரமான பொருள் பகோவின் ஷ்வேமோடோ பகோடாதான், 114 மீட்டர். 1930 மே 5 அன்று வந்த நிலநடுக்கத்தில் அது இடிந்து விழுந்ததைத் தாத்தா சிறுவனாகப் பார்த்திருக்கிறார். இப்போது நிற்பது 1954இல் கட்டி முடித்தது. அதனால் எங்கள் வீட்டில் 'உயரம்' என்ற பேச்சு வந்தாலே 'விழுந்தது' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். அப்பாவிடம் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு இருந்தது. சுவர் எழுப்பும்போது ஒவ்வொரு வரிசைக்கும் நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். நான் முந்தின வரிசையை வைத்து ரசமட்டம் பார்த்தால் கோபம் வரும். "போன வரிசைய நம்பாத. அதுல ஒரு நூல் தப்பு இருந்தா நீயும் அதே தப்ப செய்வ. கீழ மூலைக் கல்லுல இருந்து பாரு" என்பார். ஒரு நூல் என்பது அவர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

இன்சேனில் சிவில் படித்துவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கி ஒரு ஏஜென்ட்டுக்குக் கொட்டிக்கொடுத்து, 2006இல் துபாய் போய்ச் சேர்ந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த கோபுரத்தின் பெயர் அப்போது புர்ஜ் துபாய். 2010 ஜனவரி 4 அன்று திறந்தபோதுதான் புர்ஜ் கலீஃபா என்று மாற்றினார்கள். எனக்கு டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) பிடிக்கத் தெரியும் என்பதால் சர்வே குழுவில் உதவியாளாகப் போட்டார்கள். என் மேலாள் நாகர்கோவில்காரர், ஐம்பது வயதுக்கு மேல். என்னைப் 'பர்மாத் தம்பி' என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை 'அண்ணே' என்பேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இரண்டாவது ஆள் அவர்.

நான் போனபோது அடித்தளம் முடிந்திருந்தது. அண்ணன் அதைப் பற்றித்தான் முதலில் பாடம் எடுத்தார். மேலே ஏறுவதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்டாயம். நான் நினைத்திருந்தது, அவ்வளவு பெரிய கோபுரம் கெட்டிப் பாறைமேல்தான் உட்கார்ந்திருக்கும் என்று. இல்லை. அங்கே கீழே கிடப்பது கையால் உடைத்தால் உதிரும் மென்மையான மணற்பாறை. அதில் ஒன்றரை மீட்டர் விட்டமும் 40 மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள பைல்கள், அதாவது நிலத்துக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்கள், 190க்கு மேல் இறக்கியிருக்கிறார்கள். எடையை அவை முக்கியமாகத் தாங்குவது அடிமுனையால் அல்ல, பக்கத்தில் மண்ணோடு உரசிப் பிடித்துக்கொள்வதால். அவற்றின்மேல் 3.7 மீட்டர் கனத்தில் ராஃப்ட் என்னும் ஒரே கான்கிரீட் மெத்தை, 12,500 கன மீட்டர் கான்கிரீட். அந்த நிலத்தடி நீர் கடல் நீரைவிட உப்பு. கம்பியைத் தின்றுவிடும். அதற்காகக் கான்கிரீட்டின் நுண்துளைகள் குறையும்படி கலவையையே மாற்றி, வெளியே நீர்த்தடுப்பு போட்டு, ராஃப்ட்டுக்கு அடியில் டைட்டானியம் வலை விரித்து அதில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தித் துருவைத் தடுக்கிறார்கள். மேலே போய் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. அந்தக் கோபுரத்தில் எனக்கு இன்றைக்கும் மிகப் பெரிய மரியாதை அந்த ராஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் வலையிடம்தான்.

வடிவத்தைப் பற்றி. மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ், நடுவில் அறுகோணத் தண்டு. கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித், கட்டமைப்புப் பொறியாளர் பில் பேக்கர், இருவரும் எஸ்.ஓ.எம். என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தவர்கள். நடுத்தண்டு முறுக்கலைத் தாங்கும், ஆனால் தனியாக நின்றால் பக்கத்திலிருந்து தள்ளும் காற்றைத் தாங்காது. மூன்று சிறகுகளும் மூன்று பக்கமிருந்து அதற்கு முட்டுக்கொடுக்கின்றன. ஒவ்வொரு சிறகுக்கும் மற்ற இரண்டும் முட்டு. வாழைமரம் சாயும்போது நாம் கவைக்கம்பு கொடுப்பதைப் போல, ஆனால் இங்கே மரமும் கவையும் ஒன்றே. சிறகுகள் உயரே போகப் போகச் சுருள்வட்டமாக ஒவ்வொன்றாக உள்வாங்குகின்றன. அதை அழகுக்காகச் செய்தது என்று நினைத்திருந்தேன். காரணம் காற்று. ஒரே அகலமுள்ள தூணைக் காற்று தாண்டும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல் கழன்று விழும். அது கட்டடத்தை இப்படியும் அப்படியும் தள்ளும். அந்தத் தள்ளலின் தாளமும் கட்டடத்தின் சொந்த ஆட்டத்தின் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஆபத்து. அகலம் உயரத்துக்கு உயரம் மாறினால் ஒவ்வொரு உயரத்திலும் சுழல் வேறு வேறு தாளத்தில் கழலும், ஒன்றோடொன்று சேராது. கனடாவில் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்து நாற்பதுக்கு மேற்பட்ட சோதனைகள் செய்து, உள்வாங்கும் இடங்களையும், காற்றுக்குக் கோபுரம் எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்பதையும் மாற்றி மாற்றி முடிவு செய்தார்கள்.

என் வேலைக்கு வருகிறேன். ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒரு தளம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஃபார்ம்வொர்க், அதாவது கான்கிரீட் ஊற்றும் அச்சு, தன்னைத் தானே ஹைட்ராலிக் ஜாக்கியால் தூக்கிக்கொண்டு மேலே ஏறும். சுவர்க் கம்பிக் கூடுகளைத் தரையிலேயே கட்டி கிரேனில் ஏற்றுவார்கள். கான்கிரீட் ஊற்றுமுன், அந்த ஃபார்ம்வொர்க் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். நாங்கள் கையெழுத்துப் போடாமல் ஊற்ற முடியாது.

இங்கேதான் அப்பாவின் தூக்குக்குண்டு எனக்குச் சிக்கலானது. எட்டு மாடிக்கு நூல் தொங்கவிடலாம். 400 மீட்டருக்கு முடியாது. சரி, கீழே குறித்த புள்ளிகளை டோட்டல் ஸ்டேஷனால் மேலே கொண்டுபோகலாம் என்றால், அவ்வளவு உயரத்துக்கு மேல் அதுவும் போதாது. கடைசியில் ஃபார்ம்வொர்க்கின் உச்சியில் ஜி.பி.எஸ். ஆன்டெனாக்களை நட்டு, அவற்றுக்கு அடியிலேயே பிரதிபலிக்கும் பிரிசம் வைத்து, வானத்திலிருந்து வரும் எண்ணையும் நாங்கள் கருவியில் பார்ப்பதையும் இணைத்தார்கள். ஆனாலும் ஒரு பெரிய கேள்வி மிச்சம்: கோபுரமே நின்ற இடத்தில் நிற்பதில்லை. காலையில் வெயில் கிழக்குப் பக்கத்தைச் சுடும்போது அந்தப் பக்கம் விரிந்து கோபுரம் மேற்கே சாயும். வெயில் நகர நகரச் சாய்வும் நகரும். கிரேன் பாரம் தூக்கினால் ஒரு சாய்வு, காற்றடித்தால் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அதற்காக ஏறக்குறைய இருபது மாடிக்கு ஒன்றாகச் சாய்வுமானிகள் பொருத்தியிருந்தார்கள். 'இந்த நிமிடம் கோபுரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது' என்பதை அவை சொல்லும். அதைக் கழித்துவிட்டு, கோபுரம் நேராக நின்றிருந்தால் இந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு, அங்கே சுவரை வைப்போம்.

ஒரு நாள் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, இவ்வளவு கணக்கு எதுக்கு? கீழ் மாடிச் சுவர் இருக்கே, அதுக்கு நேரா மேல வச்சிட்டுப் போனா ஆகாதா?"

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "தம்பி, உங்கப்பா என்ன சொன்னார்னு சொன்ன? போன வரிசைய நம்பாதேன்னுதான? போன மாடி சாஞ்சிருந்த நேரத்துல கட்டுனது. அதுக்கு நேரா வச்சா அந்தச் சாய்வையும் சேத்துக் கட்டுறோம்."

அன்றைக்கு நான் நின்ற இடத்திலிருந்து கீழே பார்த்தால் மேகம். மேகத்துக்கு மேலே வைத்து என் அப்பாவின் வார்த்தையை ஒரு நாகர்கோவில்காரர் எனக்குத் திருப்பிச் சொல்கிறார். அப்பாவிடம் போனில் சொன்னேன். "அதத்தானே சொன்னேன்" என்றார்.

கோபுரத்தின் எடையும் சும்மா இருக்காது. கான்கிரீட் பாரம் ஏற ஏறக் குறுகும். பாரம் நின்ற பிறகும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு மாடியையும் வரைபடத்தில் உள்ளதைவிட மிகச் சிறிது கூடுதல் உயரத்தில் கட்டினார்கள், குறுகிய பிறகு சரியான இடத்துக்கு வரட்டும் என்று. ஓரத் தூண் ஒரு மாதிரியும் நடுச் சுவர் ஒரு மாதிரியும் குறுகினால் தளம் சரியும். அதற்காக இரண்டிலும் பாரத்தின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி முன்பே வடிவமைத்திருந்தார்கள்.

கான்கிரீட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கோடையில் இரவில்தான் ஊற்றுவோம், கலவைத் தண்ணீரில் ஒரு பங்கு ஐஸ். உயரம் கூடக் கூட ஜல்லியின் அளவு சிறிதாகும், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். 2008இல் 606 மீட்டர் உயரத்துக்கு ஒரே பம்ப்பில் கான்கிரீட் ஏற்றியது அன்றைக்கு உலக சாதனை. கீழே பம்ப்பில் விழுந்த கலவை மேலே வந்து சேர 40 நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். அதாவது கீழே ஒருவர் தப்பான கலவையை உள்ளே விட்டால், மேலே இருப்பவனுக்கு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் குழாய் முழுக்க அதுதான் இருக்கும். அதனால் பம்ப்புக்குப் பக்கத்தில் சோதனை பார்க்கும் பையன்களுக்கு அங்கே அவ்வளவு அதிகாரம். எத்தனை பெரிய ஆள் அவசரப்படுத்தினாலும் அந்தப் பையன் 'வேண்டாம்' என்றால் லாரி திரும்பிப் போகும். இதை நான் அங்கே பலமுறை பார்த்தேன். இங்கே வந்த பிறகு அதற்காகத்தான் அதிகம் ஏங்கியிருக்கிறேன்.

2008 மே 2 இரவைச் சொல்லாமல் போக முடியாது. அம்மாவும் தங்கையும் அப்போது சிரியத்தில், இப்போதைய தன்லினில், தகரக் கூரை வீட்டில் இருந்தார்கள். அப்பா ஊரில். நான் துபாயில் உலகத்திலேயே உயரமான கட்டடத்தின் தலையில் நின்று காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை கேம்ப்பில் டிவியில் நர்கிஸ் புயல் என்றார்கள். ஒரு வாரத்துக்கு மேல் போன் கிடைக்கவில்லை. டெல்டாவில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 1,30,000க்கு மேல் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் தங்கை வேறொருவர் போனிலிருந்து பேசினாள். "கூரை போயிடுச்சுண்ணே. நாங்க இருக்கோம்." அவ்வளவுதான் சொன்னாள். அன்றிரவு வேலைக்குப் போனேன். ஒரு கட்டடத்தின் காற்றுக்காக எத்தனை பேர் எத்தனை வருடம் யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் தகரத்தைப் பிடித்திருந்தது ஆணிகள் மட்டும். ஓரத்து மரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டியிருந்தால், தகரத்துக்கு ஆணிக்குப் பதில் கொக்கி போல்ட் போட்டிருந்தால், கூரைக்குப் பிழைக்க வாய்ப்பு இருந்திருக்கும். காற்று கூரையைத் தள்ளுவதைவிட மேலே தூக்குவதுதான் அதிகம். திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்த வீட்டுக் கூரையைப் பட்டை போட்டுக் கட்டியதுதான். இன்றைக்கு வரை யார் தகரக் கூரை போட்டாலும் போய் நின்று பட்டை போடச் சொல்கிறேன்.

2009 ஜனவரியில் கோபுரம் முழு உயரத்தைத் தொட்டது, 828 மீட்டர். எங்கள் ஷ்வேமோடோவை ஏழு முறை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் எட்டாது. அந்தக் கணக்கை நான் கேம்ப்பில் போட்டுப் பார்த்தேன். அதே வருடம் துபாயில் வேலை குறைந்தது, எங்களைப் போன்றவர்களை அனுப்பிவிட்டார்கள்.

ரங்கூனில் 2012க்குப் பிறகு எங்கே பார்த்தாலும் கட்டடம். நிலக்காரர் நிலம் கொடுப்பார், கான்ட்ராக்டர் கட்டுவார், ஃப்ளாட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கட்டி முடித்து விற்றுவிட்டால் கான்ட்ராக்டருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் உறவு முடிந்தது. இந்த முறையில் அவசரம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். கம்பியும் சிமென்ட்டும் விற்பனைக்கு முன்பே போட வேண்டிய காசு. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது டைல்ஸும் பெயின்ட்டும். நல்ல கான்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள், நான் இப்போது வேலை பார்ப்பவர் அப்படி ஒருவர். ஆனால் முறை நல்லவனையும் அவசரப்படுத்தும்.

என் தப்பையும் சொல்ல வேண்டும். 2013இல் ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழி என் பொறுப்பு. மழைக்காலம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஒரே நெருக்கடி. ஒவ்வொரு மாடியிலும் கீழ் மாடிச் சுவரை வைத்தே மேல் மாடி ஷட்டரிங்கை (கான்கிரீட் அச்சுப் பலகைகளை) நேர் பார்த்தேன். மாடிக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது, எல்லாம் ஒரே பக்கம். லிஃப்ட்காரர்கள் மேலிருந்து கம்பி தொங்கவிட்டபோது உச்சியில் எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். ரெயில் பொருந்தவில்லை. இரண்டு மாடிக் குழிச் சுவரை உள்ளே செதுக்கி, மற்றதை வேறு பிராக்கெட் போட்டுச் சரிசெய்தோம். யாருக்கும் காயமில்லை, பணம் போனது. துபாயில் மூன்று வருடம் இதை மட்டுமே கற்றுக்கொண்டு வந்தவன், ஊருக்கு வந்ததும் அவசரத்தில் அதையே விட்டேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். நான் சொன்னதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அந்தப் பித்தளைக் குண்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

அதிலிருந்து நான் செய்வது இது. ஒவ்வொரு தளத்திலும் ஸ்லாப் ஊற்றும்போது நாலு மூலையிலும் ஒரு சாண் அளவு ஓட்டை விடுவேன், எல்லாம் தரையில் பதித்த நாலு பித்தளைக் குறிகளுக்கு நேர் மேலே. புதுத் தளம் வந்ததும் அங்கிருந்து ஓட்டைகள் வழியாக மெல்லிய கம்பியில் குண்டைத் தரை வரை இறக்குவேன். குண்டு ஆடாமலிருக்க அதைப் பழைய என்ஜின் ஆயில் ஊற்றிய வாளிக்குள் தொங்கவிட வேண்டும். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். இதை விடிகாலையில்தான் செய்வேன், காற்றும் கிளம்பாது, வெயிலும் ஒரு பக்கத்தைச் சுட்டிருக்காது. எட்டு மாடியில் வெயிலால் வரும் சாய்வு மிகச் சிறியதுதான், ஆனாலும் அந்தப் பழக்கத்தை விட மனம் வரவில்லை. கட்டடம் முடிந்த பிறகு ஓட்டைகளை அடைத்துவிடலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஜி.பி.எஸ்.ஸும் சாய்வுமானியும் இல்லாத இடத்தில் இது போதும்.

கான்கிரீட்டில் நான் விட்டுக்கொடுக்காதது தண்ணீர். ரங்கூன் டிராஃபிக்கில் ரெடிமிக்ஸ் லாரி மாட்டிக்கொண்டால் கலவை இறுகும். டிரைவர் இறங்கி ஹோஸைத் திறப்பார். அவரைக் குற்றம் சொல்லி என்ன, இறுகிப்போனால் டிரம்மே கெட்டுப்போகும் என்ற பயம் அவருக்கு. ஆனால் அப்படிச் சேரும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் பலத்தைக் குறைக்கும். அதனால் லாரி வந்ததும் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கியதும் அது எவ்வளவு சரிகிறது என்று ஸ்லம்ப் பார்ப்பேன், வடிவமைத்ததைவிட அதிகமாகச் சரிந்தால் திருப்பி அனுப்புவேன். அனுப்பும் அதிகாரத்தை வேலை ஆரம்பிக்கும் முன்பே கான்ட்ராக்டரிடம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். லாரி வாசலில் நிற்கும்போது கேட்டால் கிடைக்காது. "ஸயா (ஐயா), லாரி திரும்பிப் போற நாள்ல நீங்க என்கிட்ட கோவிச்சுக்கக் கூடாது. இப்பவே சரின்னு சொல்லுங்க" என்று பர்மிய மொழியில் முதல் நாளே கேட்டுவிடுவேன். கையால் கலக்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் தலையில் கூடை கூடையாக ஜல்லி சுமந்து வருவார்கள். தண்ணீர் ஊற்றினால் கலவை இளகும், அவர்கள் தோளுக்கும் கைக்கும் வேலை குறையும். யாரும் கெட்ட எண்ணத்தில் ஊற்றுவதில்லை. அதனால் வாளிக்கு அளவு குறித்து, எத்தனை வாளி என்று பலகையில் எழுதிவிடுவது நல்லது, திட்டுவதைவிட அது வேலை செய்யும்.

ஏப்ரல் வெயிலில் ஸ்லாப் ஊற்றினால் சாயங்காலம்தான் ஊற்ற வேண்டும். மறுநாள் காலையிலேயே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும். குறைந்தது ஏழு நாள். மின்வெட்டு வரும் என்று தெரிந்தே இருப்பதால் கலவையை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டருக்குப் பெட்ரோல் என்ஜின் ஒன்று தயாராக இருக்க வேண்டும். பாதித் தூணில் வைப்ரேட்டர் நின்றால் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். அதை மேலே பூசி மறைத்துவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாது.

இப்போது அந்தப் பையனின் கேள்வி. நிலநடுக்கம் வந்தால் துபாய்க் கோபுரம் என்ன ஆகும் என்றான். அதை நிலநடுக்கத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள், ஆனால் அங்கே முதல் எதிரி காற்று. உயரமான கட்டடம் மெதுவாக ஆடும். அந்தக் கோபுரம் ஒருமுறை போய் வர 11 நொடிக்கு மேல் ஆகும். எட்டு மாடிக் கட்டடம் ஏறக்குறைய ஒரு நொடிக்குள். நிலநடுக்கத்தின் வேகமான குலுக்கல்கள் தூரம் போகப் போக அடங்கிவிடும், மெதுவான அலைகள் நெடுந்தூரம் போகும். பாங்காக்கின் அடியில் இருப்பது மென்மையான களிமண், அது அந்த மெதுவான அலைகளைப் பெரிதாக்கும். அதனால்தான் அவ்வளவு தூரத்திலும் உயர்ந்த கட்டடங்கள் ஆடின. நமக்கு வர வேண்டிய பயம் வேறு. இந்த நிலநடுக்கம் கிளம்பிய சகாயின் பிளவு, பூமியின் பாறைகள் உரசி நகரும் நீண்ட விரிசல், பகோவுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அது அங்கே பிளந்தால் ரங்கூனுக்கு வருவது வேகமான குலுக்கல். அது தேடி வருவது எட்டு மாடிகளையும் அதற்குக் கீழே இருப்பவற்றையும்.

நம் கட்டடங்களில் தரைத்தளம் கடைக்காகத் திறந்தே இருக்கும், சுவர் கிடையாது, மேலே ஏழு மாடி வீடுகள். குலுங்கும்போது மேலே உள்ளது பெட்டி மாதிரி ஒன்றாக நகரும், வளைய வேண்டியது முழுக்கத் தரைத்தளத் தூண்கள். அந்தத் தூண் உடைவது பெரும்பாலும் தலையிலும் காலிலும். அந்த இடங்களில் ரிங், அதாவது நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம், நெருக்கமாக, பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும். ரிங்கின் கொக்கி உள்ளே, தூணின் நடுவை நோக்கி 135 பாகைக்கு மடங்கியிருக்க வேண்டும். வெறும் 90 பாகையில் விட்டால் குலுக்கலில் கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி விரிந்துவிடும், உள்ளே உள்ள கான்கிரீட்டைப் பிடிக்க ஆளில்லை. பீமும் தூணும் சேரும் முடிச்சுக்குள்ளும் ரிங் போட வேண்டும். அங்கே கம்பி நெரிசலாக இருப்பதால் கை நுழையாது, கம்பி கட்டுகிறவர்கள் தாண்டிவிடுவார்கள். அந்த முடிச்சை நான் ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்ப்பேன், ஷட்டர் மூடுமுன் போட்டோ எடுத்து வைப்பேன். ஐந்தாவது தளத்தில் என் கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பையனிடம் அன்று சாயங்காலம் இதைத்தான் காட்டினேன், அவனே கட்டிய ரிங்கை. "நீ மடக்கின கொக்கிதான் இது" என்றேன். அவன் அந்தத் தூணைத் தடவிப் பார்த்தான்.

வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. ரங்கூன் ஃப்ளாட்டுகளில் பால்கனியிலிருந்து கிளிப் மாட்டிய கயிறு தொங்குமே, பேப்பரும் சாவியும் ஏற்றி இறக்க. டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கயிற்றைப் பாருங்கள். காற்றில்லாத விடிகாலையில் அது மேலிருந்து கீழ்வரை கட்டடத்தின் ஓரத்துக்கு ஒரே அளவு தள்ளி நிற்கிறதா என்று பார்த்தாலே நேர் எவ்வளவு என்று ஓரளவு தெரியும். பிறகு கான்ட்ராக்டரிடம் 28 நாள் கியூப் சோதனைத் தாளை, அதாவது கான்கிரீட் கட்டியை 28ஆம் நாள் உடைத்துப் பலம் பார்த்த தாளை, கேளுங்கள். இருக்கிறவர் எடுத்துத் தருவார்.

2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எத்தனையோ வேலைகள் பாதியில் நின்றன. எங்கள் தாம்வேக் கட்டடமும் ஒன்றரை வருடம் நின்று, பிறகுதான் மறுபடி தொடங்கியது. நின்றிருந்த காலத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குச் சிமென்ட்டுப் பால் பூசி வைத்திருந்தோம். அதனால் துரு மேலோடு நின்றது, பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தோம்.

போன வாரம் ஏழாவது தளம் ஊற்றினோம். விடிகாலை நாலரைக்கு நாலு ஓட்டையிலும் கம்பி இறக்கினேன். கோயிலில் கேட்ட அந்தப் பையன்தான் கீழே வாளிப் பக்கம் உட்கார்ந்து பென்சிலால் குறித்தான். மூன்று மூலை சரியாக இருந்தது, நாலாவதில் நாலு மில்லிமீட்டர் தள்ளல். ஆறாவது தளத்தை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. ஷட்டரைத் தளர்த்தி, திருப்பி நேராக்கி, மறுபடி குண்டு இறக்கிப் பார்த்த பிறகே லாரியை வரச்சொன்னோம். அன்று ஆறு கியூப் எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டோம். மூன்றை ஏழாம் நாள் உடைத்துவிட்டோம், நன்றாக வந்தது. மீதி மூன்றுக்கு இன்னும் 21 நாள் இருக்கிறது.